கடன் சீட்டு 1790: அமெரிக்காவின் முதல் பணச் சண்டையை வகுப்பில் நடத்திப் பார்ப்பது எப்படி

இதற்கு வேண்டியது 26 பேர், தொடர்ச்சியாக மூன்று மணி நேரம், ஒரு கத்தரிக்கோல், இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை. கல்லூரி வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புக்கும் பொருந்தும். மாணவர்கள் முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. முடிவு தெரிந்து வருகிறவர்கள் அதிகமானால் ஆட்டம் சப்பென்று போய்விடும்.

பின்னணியை ஐந்து நிமிடத்துக்கு மேல் சொல்லாதீர்கள். பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர் முடிந்துவிட்டது, கஜானாவில் காசில்லை. போரிட்ட சிப்பாய்க்கும், படைக்கு மாடும் மாவும் கொடுத்த விவசாயிக்கும் பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டுகள்தான் கிடைத்தன. அவை நம்பிக்கையிழந்து, ஒரு பவுண்டுக்கு இரண்டரை ஷில்லிங், அதாவது முகமதிப்பில் (சீட்டில் எழுதியிருக்கும் தொகையில்) எட்டில் ஒரு பங்கு வரைக்கும் விலை இறங்கின. 1789-இல் புதிய அரசு அமைந்து, அலெக்சாண்டர் ஹாமில்டன் நிதியமைச்சர் ஆகிறார். வெளிநாட்டாருக்குத் தர வேண்டியது 1.17 கோடி டாலர், உள்நாட்டாருக்கு 4 கோடிக்கு மேல், மாநிலங்கள் தனியாக வாங்கிய கடன் சுமார் 2.5 கோடி என்று கணக்குப் போடுகிறார். இவ்வளவு சொன்னால் போதும். மீதி ஆட்டத்திலேயே வரும்.

சீட்டு தயாரிப்பது

ஏ4 அளவு மஞ்சள் சார்ட் தாளை எட்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 10.5 செ.மீ. நீளம், 7.4 செ.மீ. அகலம் இருக்கும். நான்கு தாளில் 32 சீட்டு. இவை மத்திய அரசின் கடன். நீலத் தாளில் இதே அளவில் 20 சீட்டு வெட்டுங்கள், அவை மாநிலக் கடன். 32-க்கு 20 என்பது உண்மையான கடன்களின் விகிதத்தை ஒட்டியது, குறைக்க வேண்டுமானால் 16-க்கு 10 என்று குறையுங்கள்.

ஒவ்வொரு சீட்டின் முகமதிப்பும் 100 டாலர். மஞ்சள் சீட்டின் பின்பக்கத்தில் "வட்டி நிலுவை 50" என்று எழுதுங்கள். அன்றைய உள்நாட்டுக் கடனில் அசல் சுமார் 2.7 கோடி, கட்டாமல் கிடந்த வட்டி சுமார் 1.3 கோடி. அந்த அளவைத்தான் 50 என்று முழுசாக்கியிருக்கிறோம்.

மஞ்சள் சீட்டின் முன்பக்கத்தில் 7 செ.மீ. தள்ளி ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். நீலச் சீட்டில் இரண்டு கோடு: ஒன்று 4.7 செ.மீ. தள்ளி, மற்றது 7 செ.மீ. தள்ளி. ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். சொல்லாதீர்கள்.

22 மஞ்சள் சீட்டில் முதல் உரிமையாளராக எட்டுச் சிப்பாய்களின் பெயர்களைப் பகிர்ந்து எழுதி, 10 சீட்டைப் பெயர் இல்லாமல் விடுங்கள். பிப்ரவரிச் சுற்றில் இந்தப் பத்தும் பெரிய தலைவலி கொடுக்கும்.

பணத்துக்குப் புளியங்கொட்டை, ஒன்று 5 டாலர். மொத்தம் 150 எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் நோட்டு அச்சடிக்கலாம், ஆனால் தாள் பணமும் தாள் சீட்டும் ஒரே கையில் கலந்தால் எது ரொக்கம், எது வெறும் வாக்குறுதி என்ற வேறுபாடு கண்ணில் படாது. அந்த வேறுபாடு தெரியாமல் இந்த ஆட்டமே இல்லை.

யாருக்கு என்ன

சிப்பாய்கள் 8 பேர். ஆளுக்கு நான்கு மஞ்சள், இரண்டு நீலம், ரொக்கம் சுழியம். தரகர்கள் 4 பேர். ஆளுக்கு 30 புளியங்கொட்டை, ஒரு நீலச் சீட்டு. ஹாமில்டன் ஒருவர், வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெபர்சன் ஒருவர். மன்ற (நாடாளுமன்றக் கீழவை) உறுப்பினர்கள் 11 பேர்: மாசசூசெட்ஸ் 2, நியூயார்க் 1, தென் கரோலினா 2, வர்ஜீனியா 3 (அதில் ஒருவர் ஜேம்ஸ் மேடிசன்), மேரிலாந்து 1, ஜார்ஜியா 1, பென்சில்வேனியா 1. கடைசியாக, நாட்குறிப்பு எழுதும் செனட்டர் வில்லியம் மெக்லே. இவருக்கு ஓட்டு கிடையாது. எங்கு வேண்டுமானாலும் போய் ஒட்டுக்கேட்கலாம், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு நிமிடம் எழுந்து படிக்கலாம். நிஜ மெக்லேயும் அப்படித்தான், யாரையும் விட்டுவைக்காமல் கடுகடுவென்று எழுதித் தள்ளியவர். வகுப்பில் வாய்த்துடுக்கு உள்ள மாணவருக்கு இந்த வேடத்தைக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை பாதியாகும்.

சிப்பாய்களுக்குக் கொஞ்சம் ரொக்கம் கொடுத்தால் என்ன என்று இரக்கப்படாதீர்கள். கையில் காசிருந்தால் ஒருவரும் சீட்டை விற்கமாட்டார், ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். சிப்பாய் ஏமாளி என்பதால் விற்கவில்லை. வரி கட்ட நாள் நெருங்கிவிட்டது, விதை வாங்க வேண்டும், வைத்தியருக்குத் தர வேண்டும் என்பதால் விற்கிறார். மாசசூசெட்ஸில் வரிச்சுமை தாங்காமல் 1786-இல் விவசாயிகள் ஆயுதம் தூக்கியதை இந்த இடத்தில் ஒரு வரியில் சொல்லலாம். ஆகவே ஒவ்வொரு சிப்பாய்க்கும் இரண்டு செலவு அட்டை, ஒவ்வொன்றும் 25 டாலர். முதல் அட்டையை முதல் சுற்றுக்குள், இரண்டாவதை ஏப்ரல் வாக்கெடுப்புக்கு முன் கட்டியாக வேண்டும். கட்டிய கொட்டைகள் ஆசிரியரின் டப்பாவுக்குள் போகும்.

நான்கு தரகரில் ஒருவர் வில்லியம் டியூவர். அவருடைய அட்டையில் மட்டும், "நீங்கள் ஹாமில்டனின் உதவியாளரும்கூட" என்று இருக்க வேண்டும். இதை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது. நிதியமைச்சக அதிகாரிகள் அரசுக் கடன் சீட்டில் வியாபாரம் செய்யக்கூடாது, செய்தால் 3,000 டாலர் அபராதம் என்று 1789-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆட்டத்தில் அபராதம் எளிது: மாட்டிக்கொண்டால் கையில் இருப்பது முழுதும் பறிமுதல்.

ஜனவரி: சந்தை (25 நிமிடம்)

வகுப்பின் முன்பகுதி நியூயார்க், அன்றைய தலைநகரம். கடைசி பெஞ்சு, தெற்கே உள்ள துறைமுக நகரமான சார்ல்ஸ்டன். மூன்று சிப்பாய்களை நடுவில் உட்கார வையுங்கள், ஐந்து பேரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புங்கள். தரகர்கள் முன்னால்.

ஹாமில்டனின் அறிக்கை 1790 ஜனவரி 14 அன்று மன்றத்துக்கு வந்தது. சாரம் இதுதான்: சீட்டு இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அரசு முழு மதிப்பையும் தரும், மாநிலக் கடன்களையும் மத்திய அரசே ஏற்றுக்கொள்ளும். இந்த இரண்டு வரியை ஒரு தாளில் எழுதி, டியூவருக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே காட்டிவிடுங்கள். பிறகு முன்பகுதிக்கு மட்டும் மெல்லப் படியுங்கள். கடைசி பெஞ்சுக்குப் பத்தாவது நிமிடத்தில்தான் செய்தி போக வேண்டும். இடையில் பின்னால் போக விரும்பும் தரகர் வாசலுக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம். கப்பல் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை வாசிக்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள் மூன்று கப்பல்கள் சீட்டு வாங்கத் தெற்கே கிளம்பிவிட்டன என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் மன்றத்திலேயே கொதித்தார்.

தரகர்கள் ஆரம்பத்தில் 10, 15 டாலருக்கு வாங்குவார்கள். செய்தி பரவியதும் விலை 40, 50 என்று ஏறும். ஏறவில்லை என்றால் தரகர்கள் நால்வரும் கூடிப் பேசி விலையை அழுத்துகிறார்கள் என்று பொருள். அதற்கு மருந்து எளிது: இரண்டு தரகரிடம் தனித்தனியாகப் போய், "அந்த ஆள் இருபதுக்குக் கேட்கிறானாமே" என்று காதில் போடுங்கள்.

இன்னொரு தவறும் நடக்கும். சிப்பாய்கள் சிலர் செய்தி வரும்வரை விற்காமல் அடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். எட்டாவது நிமிடத்தில் செலவு அட்டையைக் கேட்டு மேசையைத் தட்டுங்கள். கட்டத் தவறினால் ஒரு சீட்டு உங்கள் கைக்கு வந்துவிடும்.

பிப்ரவரி: மேடிசனின் கோரிக்கை (20 நிமிடம்)

மேடிசன் எழுந்து சொல்ல வேண்டியது: இப்போது சீட்டு வைத்திருப்பவருக்குச் சந்தையின் உச்ச விலை, மீதி முதல் உரிமையாளருக்கு. உச்ச விலை 50 என்றால் தரகருக்கு 50, சிப்பாய்க்கு 50. கேட்பதற்கு நியாயமாக இருக்கும், சிப்பாய்கள் பக்கம் கைதட்டல் பறக்கும். அப்போது ஹாமில்டன் பெயரில்லாத பத்துச் சீட்டுகளைத் தூக்கிக் காட்டி, "இவற்றின் முதல் உரிமையாளர் யார்? நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். அடுத்து, விற்றவன் விற்றான், வாங்கியவன் வாங்கினான், அரசு நடுவில் புகுந்து பேரத்தை மாற்றினால் நாளைக்கு யார் நம்மை நம்பிக் கடன் தருவார் என்றும் கேட்க வேண்டும். அமைச்சரான ஹாமில்டன் மன்றத்தில் உட்காரவில்லை, அவர் கட்சியை மற்றவர்கள்தான் பேசினார்கள். வகுப்பில் அவரே பேசட்டும். இந்த ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மன்றத்தில் இது 36-க்கு 13 என்று தோற்றது. உங்கள் வகுப்பில் ஜெயித்துவிட வாய்ப்பு உண்டு, மாணவர்களுக்கு இளகிய மனசு. அதைத் தடுக்க மாசசூசெட்ஸ் இருவர், நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய நான்கு உறுப்பினர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு ரகசியத் துண்டு கொடுங்கள்: "உங்கள் மச்சான் பத்துச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார்." ஓட்டுப் போடும்போது அந்த முகங்களைக் கவனியுங்கள். ஒருவரும் மச்சானைப் பற்றி மூச்சு விடமாட்டார், எல்லாரும் நாட்டின் நாணயத்தைப் பற்றியே பேசுவார்கள்.

ஏப்ரல்: தோற்கும் வாக்கெடுப்பு

மாநிலக் கடனை மத்திய அரசு ஏற்பதா, வேண்டாமா என்பதே கேள்வி. மாசசூசெட்ஸும் தென் கரோலினாவும் கழுத்தளவு கடனில் இருந்தன, ஆகவே வேண்டும் என்றன. வர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்துவிட்டது. நம் கடனையும் கட்டி அடுத்தவன் கடனுக்கும் வரி கட்டுவதா என்று கேட்டது. இந்தச் சுற்றில் உறுப்பினர்கள் தங்கள் அட்டையில் இருக்கிறபடியே ஓட்டுப் போட வேண்டும். மாசசூசெட்ஸ், நியூயார்க், தென் கரோலினா ஆதரவு, மற்றவர்கள் எதிர்ப்பு. 5-க்கு 6, தோல்வி. ஏப்ரல் 12 அன்று நடந்ததும் அதுவே, 29-க்கு 31.

இங்கே விருப்பப்படி ஓட்டு என்று விட்டுவிட்டால் சில வகுப்புகளில் தீர்மானம் இப்போதே ஜெயித்துவிடும். பிறகு விருந்துக்கு அவசியமே இல்லை.

ஜூன்: விருந்து (15 நிமிடம்)

ஆட்டத்தின் உயிர் இந்தச் சுற்று. ஹாமில்டன், ஜெபர்சன், மேடிசன் மூவரையும் வகுப்புக்கு வெளியே அனுப்பி, கதவைச் சாத்துங்கள். நியூயார்க்கில் மெய்டன் லேன் தெருவில் ஜெபர்சன் குடியிருந்த வீடு அது. சாப்பிட ஏதாவது கொடுங்கள், ஆளுக்கொரு வாழைப்பழமாவது. பசியோடு பேரம் பேசினால் மூன்று நிமிடத்தில் சண்டையில் முடிகிறது.

கையில் இருப்பது இவைதான். தலைநகரம் எங்கே என்பது இன்னும் தீரவில்லை. வர்ஜீனியாவும் மேரிலாந்தும் போட்டோமாக் ஆற்றங்கரை வேண்டும் என்கின்றன. பென்சில்வேனியாவுக்குப் பிலடெல்பியா வேண்டும். ஹாமில்டனுக்கு மாநிலக் கடன் தீர்மானம் ஜெயிக்க இன்னும் ஒன்றிரண்டு ஓட்டு வேண்டும். மூவரும் ஒப்பந்தத்தை மூன்று வரியில் எழுதி ஆசிரியரிடம் தர வேண்டும், வகுப்புக்குப் படித்துக் காட்டக்கூடாது. நிஜத்தில் வந்த முடிவு: பத்து வருடம் பிலடெல்பியா, அதன்பின் போட்டோமாக், வர்ஜீனியாவின் கடன் கணக்கில் கொஞ்சம் தாராளம். சட்டத்தில் வர்ஜீனியாவுக்கு 35 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள், மாசசூசெட்ஸுக்கும் தென் கரோலினாவுக்கும் தலா 40 லட்சம்.

மூவரும் வெளியே இருக்கும்போது உள்ளே இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்தால் சத்தம் கூடும். அந்த நேரத்தில் நீலச் சீட்டுச் சந்தையைத் திறந்துவிடுங்கள். மெக்லே மட்டும் கதவருகே நின்று ஒட்டுக்கேட்கலாம்.

திரும்பி வந்ததும் மேடிசனுக்குப் பத்து நிமிடம். மேரிலாந்தும் வர்ஜீனியாவின் மற்ற இரண்டு உறுப்பினர்களும்தான் குறி. இந்த மூவரின் அட்டையில், "உங்கள் வாக்காளர்கள் போட்டோமாக் கரையில் இருக்கிறார்கள்" என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். மேடிசன் தன் ஓட்டை மாற்ற வேண்டியதில்லை. நிஜத்திலும் மாற்றவில்லை. எதிராகவே ஓட்டுப் போட்டுக்கொண்டு, அடுத்தவர் ஓட்டு நகர வழிவிட்டார். ரிச்சர்ட் பிளாண்ட் லீ, அலெக்சாண்டர் ஒயிட் என்ற இரண்டு வர்ஜீனியர்களும், மேரிலாந்திலிருந்து டேனியல் கரோலும் ஜார்ஜ் கேலும் பக்கம் மாறினார்கள். ஜூலையில் கீழ்மன்றத்தில் 34-க்கு 28 என்று நிறைவேறியது.

அந்த இரவு என்ன பேசினார்கள் என்பதற்கு ஜெபர்சன் பின்னாளில் எழுதி வைத்ததுதான் முக்கியச் சாட்சி. அதற்குள் அவரும் ஹாமில்டனும் கீரியும் பாம்பும். ஒரு விருந்தே எல்லாவற்றையும் தீர்த்ததா, அதற்கு முன்பே பேரங்கள் ஓடிக்கொண்டிருந்தனவா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மெக்லேயின் குறிப்பையும், ஆசிரியரிடம் இருக்கும் மூன்று வரியையும் ஒப்பிட்டுப் படித்தால் இந்தச் சிக்கல் வகுப்புக்குத் தானாகப் புரியும்.

ஆகஸ்ட்: கத்தரிக்கோல்

1790 ஆகஸ்ட் 4-இல் சட்டம் கையெழுத்தானது. பழைய சீட்டைக் கொடுத்தால் ஒரே புதிய பத்திரம் கிடைக்கவில்லை, மூன்று வகை கிடைத்தது. இப்போது புள்ளிக்கோட்டில் வெட்டச் சொல்லுங்கள்.

மஞ்சள் சீட்டில் 7 செ.மீ. துண்டு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு: உடனே 6 சதவீத வட்டி. 66.67 டாலருக்கு வருடம் 4 டாலர். மீதி 3.5 செ.மீ. துண்டு: இதற்கும் 6 சதவீதம்தான், ஆனால் 1801-இல்தான் தொடங்கும். அப்போது வருடம் 2 டாலர். பின்பக்கத்து நிலுவை 50-க்குத் தனித் துண்டு: 3 சதவீதம், வருடம் 1.50 டாலர்.

கரும்பலகையில் கூட்டுங்கள். இப்போது வருடத்துக்கு 5.50, 1801 முதல் 7.50. இருபது டாலருக்கு வாங்கிய தரகருக்கு இது வருடம் 27.5 சதவீத வரும்படி, நாலே வருடத்தில் போட்ட முதல் கையில். அதோடு நிற்கவில்லை. 1791-இல் 6 சதவீதப் பத்திரம் முகமதிப்பையே தொட்டுவிட்டது. பெரிய துண்டை மட்டும் விற்றாலே 66 டாலருக்கு மேல், மற்ற இரண்டு துண்டும் இலவசம்.

நீலச் சீட்டில் மூன்று துண்டு: ஒன்பதில் நான்கு பங்கு 6 சதவீதம், இரண்டு பங்கு 1801-க்குப் பிறகு 6 சதவீதம், மூன்று பங்கு 3 சதவீதம். வருடம் 3.67 டாலர், பிறகு 5 டாலர். இதற்கு வட்டி 1792 ஜனவரியில்தான் தொடங்கியது. மாணவர்கள் அதிகமாகத் தப்புப் போடுவது இங்கேதான், இரண்டு நிறத்துக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிடுவார்கள்.

அடுத்து வரி. 1791 மார்ச்சில் உள்நாட்டுச் சாராயத்துக்கு வரி வந்தது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் அறுவடைக் கூலியாக இரண்டு புளியங்கொட்டை கொடுங்கள். கையில் எடுத்துப் பார்க்கட்டும். பிறகு வரி என்று ஒரு கொட்டையைத் திரும்ப வாங்கி, அந்த எட்டுக் கொட்டைகளையும் மஞ்சள் துண்டு அதிகம் வைத்திருப்பவர்களின் மேசையில், சிப்பாய்கள் பார்க்கப் பார்க்க வையுங்கள். விளக்கம் வேண்டாம். கடைசி பெஞ்சு தானாகச் சத்தம் போடும். சுங்க வரிதான் பெரிய வருமானம், சாராய வரி அதன் பக்கத்தில் சிறியது என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மேற்குப் பென்சில்வேனியா 1794-இல் கலகம் செய்ததையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

டியூவரின் முடிவு

நேரம் இருந்தால் இருபது நிமிடம். 1791 ஜூலையில், ஹாமில்டன் திட்டப்படி தொடங்கிய அமெரிக்க வங்கியின் பங்கு விற்பனைக்கு வந்தது. முன்பணம் 25 டாலர் கட்டினால் பங்கு வாங்கும் உரிமைக்கு ஒரு சீட்டு. ஆகஸ்டில் அந்தச் சீட்டின் விலை 250-ஐத் தாண்டி ஏறியது, பிறகு சரிந்தது. டியூவருக்கு அப்போதும் பசி தீரவில்லை. சந்தையை மொத்தமாக வளைத்துப் போடக் கடைக்காரர், விதவைகள் என்று கிடைத்தவரிடமெல்லாம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார்.

வகுப்பில் செய்ய வேண்டியது: டியூவர் ஐந்து நிமிடத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கொட்டை கடன் வாங்கலாம், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருவதாகக் கைப்பட எழுதித் தர வேண்டும். ஐந்தாவது நிமிடம் மணி அடித்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கச் சொல்லுங்கள். 1792 மார்ச் 23 அன்று அவர் கடன்காரர் சிறைக்குப் போனார். அரசுக்கு அவர் காட்ட வேண்டிய பழைய கணக்கிலும் 2 லட்சம் டாலருக்கு மேல் துண்டு விழுந்திருந்தது. கைதியாகவே 1799-இல் இறந்தார். சரிவு அடங்கியபின், 1792 மே 17-இல் 24 தரகர்கள் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்துதான் நியூயார்க் பங்குச் சந்தையின் கதை தொடங்குகிறது.

இரண்டு எச்சரிக்கை. வகுப்பு ஹாமில்டனை வில்லனாக்கிவிடும். அவர் இந்தச் சீட்டுகளில் சொந்தமாகச் சம்பாதித்ததற்குச் சான்று இல்லை. எதிரிகள் தேடிப் பார்த்தும் அகப்பட்டது வேறொரு பெண்ணோடு அவருக்கு இருந்த உறவுதான், அதை அவரே 1797-இல் அச்சிட்டு ஒப்புக்கொண்டார். பள்ளி வகுப்பில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் கடன், வட்டி எல்லாம் காற்றில் போகும், பிள்ளைகளுக்கு அது மட்டும் ஞாபகம் இருக்கும். மற்றது, சிப்பாய் வேடம் போட்டவர்கள் இரண்டாவது மணி நேரத்தில் சோர்ந்துபோவார்கள். விற்று முடித்தபின் அவர்களுக்கு வேலையில்லை. ஜூன் சுற்றிலிருந்து அவர்களை மன்றத்துக்கு மனு எழுத வையுங்கள், ஒரு மனுவுக்கு ஐந்து கையெழுத்து சேர்ந்தால் உறுப்பினர் அதை உரக்கப் படித்தாக வேண்டும்.

பதினைந்து பேர்தான் என்றால் சிப்பாய் 4, தரகர் 2, உறுப்பினர் 7, ஹாமில்டன், ஜெபர்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்லே வேலையை ஆசிரியர் பார்க்கலாம். ஏப்ரலில் 3-க்கு 4 தோற்க வேண்டும்: மாசசூசெட்ஸ், நியூயார்க், தென் கரோலினா ஒரு பக்கம், மேடிசன், இன்னொரு வர்ஜீனியர், மேரிலாந்து, ஜார்ஜியா மறுபக்கம். சீட்டு 16 மஞ்சள், 10 நீலம். வெட்டிய துண்டுகளைத் திரும்ப ஒட்டிப் பயன்படுத்த முடியாது, அடுத்த வகுப்புக்குப் புதுசாக அச்சடித்துக்கொள்ளுங்கள். கொட்டைகளை மட்டும் எண்ணி வாங்கி டப்பாவில் போடுங்கள், எப்படியும் ஏழெட்டு குறையும்.